உதவியை ஏற்க மறுக்கும் பக்கத்து வீட்டு ஆச்சி: வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் 75 வயது தாண்டிய ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார். தாத்தா போன சித்திரையில் தவறிவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். ஆச்சிக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ஆடி மாதத்திலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, கால் வீங்குகிறது, மாத்திரையை மறந்துவிடுகிறார். காலையில் வைத்த கஞ்சி ராத்திரி வரை மூடியபடியே இருக்கிறது.

சாப்பாடு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார். ஆனால் மறுநாள் தூக்குவாளியைப் புளி போட்டு விளக்கி, அதில் அரிசியோ வாழைக்காயோ வைத்துத் திருப்பித் தருவார். "யாருக்கும் கடன்படக் கூடாதும்மா" என்பார். அவரிடம் இருப்பதே கொஞ்சம் என்பதால் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சபையிலிருந்து பெண்கள் இருவர் போனார்கள். மதம் மாற்ற வந்ததாக நினைத்து வாசலோடு அனுப்பிவிட்டார். அந்தப் பயத்தை மதிக்கிறோம், ஜெபம் பற்றிக்கூடப் பேசுவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நேரத்துக்குப் போடத்தான் ஆளில்லை. 14567 முதியோர் உதவி எண்ணில் கேட்டு இல்லங்களின் விவரமும் வாங்கினேன். ஆச்சி வீட்டை விட்டு வரமாட்டார்.

கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் தண்ணீர் கேட்டார். அப்படி நாமும் ஆச்சியிடம் ஏதாவது உதவி கேட்டால் இளகுவாரோ என்று தோன்றுகிறது.

இப்படித் தன்மானமுள்ள பெரியவர்களைத் தினம் ஒருவேளையாவது உங்களோடு உட்கார்ந்து சாப்பிட வைத்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?