மாதவிடாய் நின்ற பிறகு தாம்பத்தியம்: விலகுவதா, வைத்தியமா?

மாலைவெயில்: எனக்கு 54 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. உறவின்போது எரிச்சல், சில நாள் கீறிவிட்டது போல வலி. "இந்த வயசுக்கு மேல அதெல்லாம் எதுக்கு" என்கிறாள் என் அக்கா. டாக்டரிடம் போவதா, விட்டுவிடுவதா?

அமைதிவிரும்பி: அக்கா சொல்வதில் என்ன தப்பு? எனக்கு 60. அந்தச் சங்கதி ஓய்ந்ததில் நிம்மதியாக இருக்கிறேன். இயல்பாக வரும் மாற்றத்துக்கும் நோய் என்று பெயர் வைத்து, க்ரீம், மாத்திரை, யோனிக்கு லேசர் சிகிச்சை என்று விற்க ஒரு கூட்டமே காத்திருக்கிறது. இத்தனை வருடம் இன்னொருவர் ஆசைக்கு ஈடுகொடுத்தது போதாதா?

ஓய்வுபெற்ற செவிலி: வேண்டாம் என்பது உங்கள் உரிமை அக்கா. ஆனால் கேட்டவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வலிக்கிறது என்கிறார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் யோனிச் சுவர் மெலிகிறது, ஈரம் வற்றுகிறது. அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியா குறைந்து அமிலத்தன்மையும் போகிறது. அதனால்தான் உறவே இல்லாத பெண்களுக்கும் எரிச்சலும், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. ஹாட் ஃபிளாஷ், அதாவது திடீரென உடம்பு கொதிப்பது, நாளாவட்டத்தில் தணியும். இது அப்படியல்ல, கவனிக்காவிட்டால் பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.

அமைதிவிரும்பி: சரி, எரிச்சலுக்கு மருந்து என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹார்மோன் என்று வந்து நிற்பீர்களே! மார்பகப் புற்றுநோய் பயத்தில் 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

ஓய்வுபெற்ற செவிலி: அங்கே கொடுத்தது ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, விழுங்குவது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்தே பல பெண்கள் வலியோடு இருந்துவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ஹார்மோனே இல்லாமலும் தொடங்கலாம்: உறவின்போது வழுவழுப்பு தரும் லூப்ரிகன்ட், மற்றபடி வாரம் இரண்டு மூன்று முறை யோனிக்கான, ஈரம் காக்கும் மாய்ஸ்சரைசர். லேசர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 2018-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதைப் பற்றி எச்சரித்துவிட்டது.

கணவன் 57: என் கேள்வி வேறு. க்ரீம் எல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று. வலி இல்லை என்கிறாள், ஆனாலும் கிட்டே வருவதில்லை. ஆசை வர டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கொடுக்கிறார்களாமே?

கறார்காரி: வாங்கிக் கொடுத்தாயிற்றாம்! சார், ஆசை இல்லையே என்று வருத்தப்படுவது அவரா, நீங்களா? ஆசை குறைந்ததில் அந்தப் பெண்ணே மனம் நொந்திருந்தால், மற்ற காரணங்களை எல்லாம் பார்த்த பிறகு கொடுப்பது அது. உங்கள் குறைக்கு அவர் ஏன் மருந்து எடுக்க வேண்டும்? மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளே ஆசையைக் குறைக்கும். தூக்கமில்லாத இரவுகள், பேசாமல் விட்ட பழைய கோபம், எதுவாகவும் இருக்கலாம். வலித்துப் பழகிய உடம்பு, வலி போன பின்பும் இடுப்புத்தளத் தசையை இறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிசியோதெரபி இருக்கிறது.

கணவன் 57: நான் கட்டாயப்படுத்தவில்லை அம்மா. தோளில் கை வைத்தால்கூட நகர்ந்துவிடுகிறாள், அதுதான் கஷ்டம்.

கறார்காரி: அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியுமே! இன்றைக்கு அது இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல.

அமைதிவிரும்பி: உறவு என்றாலே அந்த ஒன்றுதான் என்பது போலத்தான் இங்கே எல்லோரும் பேசுகிறீர்கள். அணைத்துக்கொண்டு தூங்குவது கணக்கில் வராதா?

மாலைவெயில்: எனக்கு அணைப்பு மட்டும் போதாது அக்கா, ஆசை இருக்கிறது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்னொன்று, போன மாதம் லேசாக ரத்தம் கசிந்தது. அதுவும் வறட்சியால்தானா?

ஓய்வுபெற்ற செவிலி: நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காட்டியே ஆக வேண்டும். பெரும்பாலும் மெலிந்த சுவர்தான் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் பல நேரம் இப்படித்தான் முதலில் தெரியவரும். ஸ்கேன் எடுப்பார்கள், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை செய்வார்கள். க்ரீம் எல்லாம் அப்புறம். இந்த வாரமே போங்கள்.

அமைதிவிரும்பி: ஆமாம், போய்ப் பாருங்கள். லேசர் என்று ஆரம்பித்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.