தொண்ணூறு தாண்டியவர்களுக்குத் தோள் முறிவு: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

மன்னார்குடி பேத்தி:
எங்கள் அப்பாயிக்கு 92 வயது. ஐப்பசி மழையில் கொல்லைப்பக்கம் பாசி வழுக்கி விழுந்ததில், மேல்கை எலும்பு தோளுக்குச் சற்றுக் கீழே ஒடிந்து விலகிவிட்டது. முதலில் காட்டிய இடத்தில், ஆபரேஷன் செய்து பிளேட் வைக்காவிட்டால் கை விளங்காது என்றார்கள். சர்க்கரை, இதய மாத்திரை எல்லாம் இருப்பதால் மயக்க மருந்து என்றதுமே அப்பா ஆடிப்போனார்.

தஞ்சாவூரில் இன்னொரு எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவைக் கையில் வாங்குமுன், "விழறதுக்கு முன்னாடி இந்தக் கையால என்னென்ன செய்வீங்க பாட்டி?" என்று கேட்டார். "சோறு திங்கணும், கொண்டை முடியணும், வேறென்ன?" என்றது அப்பாயி. தோளின் வெளிப்பக்கம் தொட்டு உணர்ச்சி பார்த்தார். மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். நரம்பு சரி. ஆர்ம் பவுச் (கையைக் கழுத்திலிருந்து தாங்கும் தூளி) மாட்டி அனுப்பிவிட்டார்.

அப்புறம்தான் வேலையே. சில நாளில் முழங்கை வரைக்கும் மார்பு வரைக்கும் கறுநீலமாகப் பரவ, பார்க்க வந்த சொந்தமெல்லாம் கை அழுகுது என்று கிளப்பிவிட்டது. உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதுதான் அது. மல்லாந்து படுக்க முடியாததால் சாய்வு நாற்காலியில்தான் தூக்கம், முழங்கைக்குப் பின்னால் மடித்த துண்டு. அக்குள் வியர்த்துப் புண்ணாகாமல் இருக்க, முன்னால் குனியவைத்துக் கையைத் தொங்கவிட்டு ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவோம். ட்ரமடால் என்ற வலி மருந்து கொடுத்த ராத்திரி, செத்துப்போன தாத்தாவோடு நாற்று நடவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. டாக்டரைக் கேட்டு பாரசிட்டமாலுக்கு மாறினோம், மலச்சிக்கலும் விட்டது.

பாபநாசம் பிசியோ:
உங்கள் டாக்டர் சொன்னது சரி. பிரிட்டனில் 250 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் செய்தவர்களுக்கும் தூளி மட்டும் போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதிலிருந்தவர்கள் பெரும்பாலும் உங்கள் அப்பாயியைவிட இளையவர்கள். 90 வயதில் ஆபரேஷன் ஆபத்து கூடத்தானே செய்யும்.

எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். இறுகிப்போன தோள்தான் வம்பு. விரல், மணிக்கட்டு முதல் நாளே அசையட்டும். வலி கொஞ்சம் தணிந்ததும், டாக்டர் சரி என்றால், குனிந்து நின்று கையை மெல்ல ஊஞ்சலாட்டலாம். பக்கத்தில் ஆள் இல்லாமல் வேண்டாம், மறுபடி விழுவார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது இந்த இடத்து முறிவைப் பிடிக்கவும் பிடிக்காது, விரல் வீங்குவதுதான் மிச்சம்.

மயிலாடுதுறைக்காரன்:
எல்லாருக்கும் தூளியே போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் அப்பாவுக்கு 86. தோள்மூட்டில் மேல்கை எலும்பின் பந்து உடைந்ததோடு, அது உட்காரும் கிண்ணத்தைவிட்டும் கழன்றிருந்தது. ரிவர்ஸ் மூட்டு வைத்தார்கள்: கிண்ணம் இருந்த பக்கம் பந்து, பந்து இருந்த பக்கம் கிண்ணம். உள்தசைநார் கிழிந்திருந்தாலும் வெளித்தசை கையைத் தூக்கிவிடுமாம். சட்டையை இப்போது தானே மாட்டிக்கொள்கிறார். ஆனால் அவர் விழுவதற்கு முதல்நாள் வரை டிவிஎஸ் 50 ஓட்டியவர்.

மன்னார்குடி பேத்தி:
அப்பாயிக்குக் கை தலைக்குமேல் போகவில்லை. வாய்க்கு எட்டுகிறது, கொண்டைக்கு நான்தான். எலும்பு பலத்துக்கு வருடம் ஒரு ஊசி சொல்லியிருக்கிறார்கள். யாராவது போட்டீர்களா?

பாபநாசம் பிசியோ:
போடலாம். அதற்கு முன்னால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), கால்சியம், வைட்டமின் டி பார்க்கச் சொல்வார்கள். சர்க்கரை உள்ளவர், சிறுநீரகத்தைப் பார்க்காமல் போடவேண்டாம்.