ஷிப்ட் மாறும்போது தகவல் விட்டுப்போகிறது. செயலி வாங்கினால் சரியாகுமா?

கேள்வி (ஷிப்ட் மேற்பார்வையாளர், கோவை):
எங்கள் நூற்பாலையில் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. இரவில் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரம் ஒன்றை நிறுத்திப் பழுது பார்த்துக்கொண்டிருந்தால், அந்தச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கிடக்கிறது. காலையில் வருபவர் அதைப் பார்க்காமலேயே சுவிட்சில் கை வைக்கிறார். பதிவேட்டிலோ பெரும்பாலும் 'எல்லாம் சரி' என்றுதான் இருக்கும். புதிய செயலி வாங்கலாம் என்கிறது நிர்வாகம். பயன்படுமா?

மறுமொழி (பாதுகாப்பு அலுவலர்):
ஐயா, வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று 167 பேர் இறந்த விபத்தை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லுங்கள். அன்று பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியவர்கள், வேலை முடியாததால் குழாய் வாயைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். இரவில் மற்றொரு பம்ப் நின்றுபோனதும், பணியில் இருந்தவர்கள் முதல் பம்புக்கான பராமரிப்பு அனுமதிச் சீட்டைப் பார்த்து, அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதால் அந்தப் பம்பை ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வால்வு கழற்றப்பட்டதற்கான தனிச் சீட்டு அவர்கள் கண்ணில் படவே இல்லை. வாயு கசிந்து வெடித்தது. சீட்டு எழுதப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கு ஆள் நேரில் சொல்லியிருந்தால் அந்தப் பம்பை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தகவல் போய்ச் சேரும்வரை காத்திராமல், நிறுத்திய இயந்திரத்தின் மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு எச்சரிக்கை அட்டையும் மாட்டிவிடுங்கள்.

மறுமொழி (செவிலியர், மதுரை):
எங்கள் வார்டில் டியூட்டி மாறும்போது நோயாளியின் கட்டில் அருகே நின்றுதான் விவரம் சொல்வோம். கேட்டவர் மருந்தின் பெயரையும் அளவையும் திரும்பச் சொன்ன பிறகே பழைய ஷிப்ட் கிளம்பும். உங்கள் ஆலையில் அதற்கென்று பத்து நிமிடமாவது சம்பளத்தோடு ஒதுக்குகிறார்களா? பேருந்தைப் பிடிக்க ஓடுபவரிடம் விளக்கம் எதிர்பார்க்க முடியாது.

கேட்டவர்:
ஒதுக்குவதில்லை, அம்மா. அதைவிட, பழுதைப் பதிவேட்டில் எழுதியவரிடமே 'உன் ஷிப்டில் ஏன் நின்றது?' என்று மெமோ கொடுத்து விளக்கம் கேட்பதும் இங்கே வழக்கம். 'எல்லாம் சரி' என்பது அப்படித்தான் வந்தது. செயலி வந்தால் அதிலும் இதையேதான் எழுதுவார்கள் என்பதால், அடுத்த கூட்டத்தில் மெமோவை நிறுத்தும்படியும் பத்து நிமிடம் ஒதுக்கும்படியும் முதலில் கேட்கப்போகிறேன்.