பினாங்கு வரை காரில்: எங்கள் பயணக் கணக்கு

ஈசூனிலிருந்து ஒரு தாய்:

கடந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் நால்வரும் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்குக்குக் காரிலேயே போய்வந்தோம். ஐந்து இரவுகள். எல்லாமாகச் சேர்ந்து 2,600 ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

இதற்கு முன் ஒருமுறை போனபோது ஓட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் பணம் ஒதுக்கி, சாலைச் செலவைச் சில்லறை என்று விட்டுவிட்டோம். அது சில்லறை அல்ல. இம்முறை சாலையிலிருந்தே கணக்கைத் தொடங்கினேன். பெட்ரோலும் டோலும் போக வர 650 ரிங்கிட் ஆயின. சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டும்போது டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும். அதை இங்கத்திய விலையில்தான் நிரப்ப வேண்டும். அங்கே மலிவான ரோன் 95 வகைப் பெட்ரோல் நம் காருக்குக் கிடையாது, ரோன் 97தான். ஜோகூரில் நுழையும் ஒவ்வொரு முறையும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம். வாகன நுழைவு அனுமதி இல்லாமல் போனால் 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம். அதை வீட்டிலிருந்தபடியே முன்னதாக முடித்துவிடுங்கள்.

டோல் கட்ட முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் டச் என் கோ அட்டையில் போதிய பணம் இல்லாமல் டோல் சாவடியில் நின்ற அந்த இரண்டு நிமிடங்களை என் கணவர் இன்னும் மறக்கவில்லை. பின்னால் நீண்ட வரிசை, ஓயாத ஹாரன். இப்போது 250 ரிங்கிட் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

செவ்வாய்க்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டினோம். புளியோதரை கட்டிக்கொண்டதால் காலைச் சாப்பாட்டுச் செலவு இல்லை. ஒரே நாளில் பினாங்குவரை ஓட்டாமல் வழியிலுள்ள ஈப்போவில் தங்கியதுதான் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அறை வாடகை பினாங்கின் ஜார்ஜ்டவுனைவிடக் குறைவு. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. மாலையில் கல்லுமலை முருகன் கோயில். பிள்ளைகள் களைத்துப்போனால் கையில் கிடைத்ததை வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்துவோம். அந்தச் செலவு இம்முறை இல்லவே இல்லை.

ஜார்ஜ்டவுனில் ஒரு தவறு செய்தேன். பழைய கடைவீட்டு விடுதி அழகாக இருந்தது, ஆனால் கார் நிறுத்த இடமில்லை. மூன்று இரவும் வெளியே கட்டணம் கட்டி நிறுத்தினோம். அறை வாடகையோடு அதைக் கூட்டிப் பார்த்திருந்தால் வேறு இடம் எடுத்திருப்பேன். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் உண்டு. பினாங்கு மலைமேல் ஏறும் கொடிமலை ரயிலிலும் நமக்குக் கட்டணம் கூடுதல்.

ஜூரோங்கிலிருந்து ஒருவர்:

எங்களிடம் சொந்தக் கார் இல்லை. சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்தால் மலேசியாவுக்கென்று தனிக் கட்டணம் கேட்டார்கள். அதனால் பஸ்ஸில் ஜோகூர் பாருவுக்குப் போய் அங்கே கார் எடுத்தோம். முக்கால் டாங்க் விதியும் இல்லை, நுழைவு அனுமதியும் வேண்டாம். சிங்கப்பூர் உரிமமே போதும். மலாக்காவோடு நிறுத்திக்கொண்டோம், இரண்டே இரவுகள். கார் எடுக்கும்போது நான்கு பக்கமும் கீறல்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடிக்கவில்லை, முன்பணத்தில் 200 ரிங்கிட் திரும்பவில்லை.