தசமபாகம் கட்டாயமா?

ஓவர்லாக் அக்கா: திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறேன். கைக்கு வருவது 13,000. எங்கள் சபையில் தசமபாகத்துக்கு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுக்க, பேர் எழுதின கவர் தருவார்கள். போன மாசம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், 300தான் வைத்தேன். அந்த ஞாயிறே பிரசங்கம் பைபிளில் மல்கியா 3-ம் அதிகாரம். தேவனை வஞ்சிக்கிறவர்கள் என்றதும் என் கவரைத்தான் சொல்கிறார் என்று குனிந்துகொண்டேன். இதை இன்னும் போதிக்கணுமா?

திருவசனம்: ஸ்தோத்திரம் சிஸ்டர். போதிக்கணும். மோசேயின் நியாயப்பிரமாணச் சட்டம் வருவதற்கு முன்னாடியே ஆபிரகாம் ஆசாரியரான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தாரே. ஊழியக்காரர் வீட்டிலும் அடுப்பு எரியணும்ல?

நாசரேத்தான்: அண்ணாச்சி, அது போர்க்கொள்ளையில் கொடுத்தது, மாசச் சம்பளத்தில் இல்லை. உபாகமம் 14:28, 29 பாருங்க. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனோடு (ஆலய ஊழியக் கோத்திரத்தார்) பரதேசி (அந்நியர்), திக்கற்ற பிள்ளை, விதவை எல்லாரும் சாப்பிடத்தான். அந்தக் கணக்கில் இந்தத் தங்கச்சி வீட்டுக்குச் சபைதான் கொடுக்கணும். எங்க ஆச்சி உலைக்கு அரிசி களையும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவா. ஞாயிறு கோயிலுக்குப் போகும். எந்தப் பாதிரி ஐயரும் அதை அளந்து பார்த்ததில்லை.

திருவசனம்: மத்தேயு 23:23-ல் இயேசுவே அதை விடச் சொல்லலையே.

ஓவர்லாக் அக்கா: வாசித்தேன் பிரதர். ஒற்தலாம், வெந்தயம், சீரகம் வருகிற வசனம். (ஒற்தலாம் என்றால் புதினாவாம், இன்றைக்குத்தான் தெரியும்.) அதிலேயே நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்கள் என்றும் இருக்கிறதே. சொட்டு மருந்தே 480 ஆகிறது. இந்த மாசம் கவர் வேண்டாம், முடிந்ததைக் காணிக்கைப் பையில் போடுகிறேன்.