எழுதி முடித்ததும் வருகிற அலுப்பு: உங்கள் அனுபவம் என்ன?

பள்ளத்தூர்ப் பெண்:
எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு. அதை இங்கே யாருக்கும் விரித்துச் சொல்ல வேண்டாம். நான் சொல்ல வந்தது அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற அலுப்பை. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுத ஆள் குறைந்தது. படித்த பெண்தானே என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். நம் பக்கத்துப் பெயர்கள்தாம் தெரியுமே: ஊர், விலாசம், அப்புறம்தான் ஆள். வள்ளியப்பன், பழனியப்பன், அழகப்பன், வெள்ளையன். காதில் தெளிவாக விழுகிறது. எந்த ள, எந்த ழ என்று கை திணறுகிறது. பேனா முனை தாளிலேயே நின்று, மை ஊறிப் புள்ளியாகப் பரவிவிட்டது. பணத்தை நீட்டியபடி நின்ற பெரியவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தி தொடங்குவதற்குள் பிடரி கனத்துவிட்டது. வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் போய் ஜமக்காளத்தை இழுத்துப் போட்டுத் தூங்கிவிட்டேன். "நாலு பெயர் எழுதியதற்கா இந்த அலுப்பு?" என்று ஆச்சி கேட்டது இன்னும் உறுத்துகிறது.

குன்றக்குடி வாசகர்:
கண்ணைப் பரிசோதித்தீர்களா அம்மா? என் மருமகனுக்கும் படித்தால் தலைவலி வரும், கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. வல்லாரைக் கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் சத்தம்போட்டுப் படித்துப் பழகினால் எந்த எழுத்தும் வசப்படும்.

தேவகோட்டைத் தகப்பன்:
ஐயா, கண்ணாடியும் போட்டோம், வல்லாரையும் கொடுத்தோம். பழக்கம் போதாமல் வருவதில்லை இது. என் மகன் ஏழாம் வகுப்பு. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் தலையைத் தூக்குகிறான். 'கொ' என்றால் கொம்புக்கு ஒருமுறை, ககரத்துக்கு ஒருமுறை, காலுக்கு ஒருமுறை. வீட்டுக்கு வந்ததும் சீருடையோடு திண்ணையில் சாய்ந்துவிடுவான். வகுப்பாசிரியர் 'சோம்பேறி' என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். அந்தச் சொல்லை அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு, "அப்பா, மற்றவர்களுக்குப் படித்தால் தலை வலிக்காதா?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரைக்குடி ஆசிரியை (ஓய்வு):
தமிழை எழுதியபடியே வாசிக்கலாம், அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் குறை வராது என்று சொன்ன சக ஆசிரியர்களோடு வேலையில் இருந்த காலமெல்லாம் வாதாடியிருக்கிறேன். பிழை குறையலாம், வேகம் எளிதில் வராது. நமக்குத் தானாக நடக்கும் வாசிப்பை இவர்கள் எழுத்துக்கு எழுத்து கவனம் கொடுத்துச் செய்கிறார்கள். சோர்வு அங்கிருந்துதான் வருகிறது. தேவகோட்டைத் தம்பி, பிள்ளை வந்தவுடன் வீட்டுப்பாடத்தை எடுக்கச் சொல்லாதீர்கள். சாப்பிடட்டும், விளையாடட்டும். பாடத்தை நீங்கள் வாசியுங்கள், இல்லையென்றால் கைப்பேசியே வாசித்துக் காட்டும். பதிலை அவன் வாயால் சொல்லட்டும். எழுத்துவேலையைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித்தர ஆளும் கேட்கலாம். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும்; பத்தாம் வகுப்புவரை காத்திருக்காதீர்கள். சோம்பேறி என்று எழுதிய ஆசிரியரை நேரில் பார்த்துப் பேசுங்கள். அதைப் பிள்ளையின் கண்முன்னால் பேசுங்கள்.

தேவகோட்டைத் தகப்பன்:
நன்றி அம்மா. திங்கட்கிழமை போகிறேன். அந்தச் சான்றுக்கு முதலில் யாரைப் பார்க்க வேண்டும், சிவகங்கைக்குத்தான் போக வேண்டுமா?

பள்ளத்தூர்ப் பெண்:
தை மாதம் அடுத்த கல்யாணம் வருகிறது. பணம் எண்ணும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், எழுதுவதைத் தம்பி பார்த்துக்கொள்வான். குன்றக்குடி ஐயா, என் கண் நன்றாகத்தான் இருக்கிறது.