ஏர்லைனை விட்டுட்டு ஒரு குடும்பத்தோட ஜெட்டுக்குப் போகலாமா?

மூணுமணி_ரிப்போர்ட்டிங்:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 38. ஏ320 கேப்டனாகி மூணு வருஷம், மெட்ராஸ் பேஸ். ஹைதராபாத்ல ஒரு தொழிலதிபர் குடும்பத்துக்கிட்ட சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ்னு ஒரு சின்ன ஜெட் இருக்கு, பேகம்பேட்டைல நிக்குது. அதுக்கு வர்றீங்களான்னு கேட்டிருக்காங்க. இப்போ கைக்கு வர்றதைவிட சம்பளம் கொஞ்சம் கம்மி. ஆனா மாசம் 25 மணி நேரம் பறந்தாலே பெருசுங்கறாங்க. நான் இப்போ 70, 75 ஓட்டறேன்.

வார ஓய்வை 36 மணி நேரத்துலேர்ந்து 48 ஆக்கிட்டாங்க, இல்லேங்கல. அதுல பாதி தூக்கத்துலயே போயிடுது. போன வாரம் நாலு செக்டர், அதாவது நாலு தடவை ஏறி இறங்கி முடிச்சு வந்து படுத்திருக்கேன். என் எட்டு வயசுப் பொண்ணு கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு, "அப்பா இன்னைக்கு இருக்காரா, தூங்கறாரா?"ன்னு அவ அம்மாகிட்ட கேக்கறா.

கேப்டனுக்கு நோட்டீஸ் ஒரு வருஷம்னு தெரியும். எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பக்கம் போனவங்க உள்ளது உள்ளபடி சொல்லுங்க.

பேகம்பேட்டைக்காரன்:

தம்பி, நான் ஏர்லைனை விட்டு 11 வருஷம் ஆச்சு. முதல்ல கிங் ஏர் பி200, இப்போ ஹாக்கர்.

25 மணி நேரம்னு அவங்க சொன்னது பொய்யா இருக்காது. காத்துக்கிடக்கற நேரத்தை யாரும் கணக்குல சொல்லமாட்டாங்க, அவ்வளவுதான். காலைல ஷீரடி, தரிசனம் முடிச்சு மத்தியானம் திரும்பறோம்னு கிளம்புவாங்க. மத்தியானம் சாயங்காலமாகும். நடுவுல பம்பாய் போயிட்டு வந்துடலாமான்னு போன் வரும். பம்பாய்ல ஸ்லாட்டும் (ஏறி இறங்க ஒதுக்கற நேரம்) பார்க்கிங்கும் கேட்டவுடனே கிடைக்கற வஸ்துவா? அதுக்கு அலையறது நீங்கதான். ஏர்லைன்ல டிஸ்பாட்சர் பேப்பரை நீட்டுவார், நாம கையெழுத்துப் போடுவோம். இங்க ரன்வே நீளத்துக்கு எடை கணக்குப் பாக்கறதுலேர்ந்து கார் வந்தாச்சான்னு பாக்கற வரைக்கும் ரெண்டு பைலட்டுங்கதான். முதல் நாள் நான் விமானத்தைச் சுத்திப் பாத்துட்டு ஏறினா, கோ-பைலட் சீட் பெல்ட்டையெல்லாம் பெருக்கல் குறி மாதிரி மடிச்சு வெச்சிட்டு, "சார், ஐஸ் வாங்கியாச்சா?"ன்னார். நாலு கோடு போட்ட சட்டையோட போய் ஐஸ் வாங்கிட்டு வந்தேன். அதெல்லாம் ஒரு வாரத்துல பழகிடும்.

பழகாதது வேற ஒண்ணு. ஒரு கல்யாண சீசன், ஒரு சின்ன ஊர். ரன்வே லைட் கிடையாது, 6 மணியோட டவரை மூடிடுவாங்க. 5 மணிக்கு வர்றோம்னவங்க 5.40க்குப் போன்: "பந்தி நடக்குது கேப்டன், ஒரு அரை மணி." லைட் இல்லாத இடத்துல நேரத்தை நீட்டிக் கேட்டும் பிரயோஜனம் இல்ல. 6.20க்கு வந்து இறங்கினாங்க. "இன்னைக்கு முடியாது சார், விடிஞ்சதும் கிளம்பலாம்"னேன். முதலாளி ஒண்ணும் பேசல, விமானத்தையே பாத்துக்கிட்டு நின்னார். மச்சான்தான் பேசினார்: "பழைய கேப்டனா இருந்தா எடுத்திருப்பாரு."

ராத்திரி லாட்ஜ்ல எனக்குத் தூக்கமே இல்ல. காலைல படியேறும்போது முதலாளி ஒரு டிபன் கேரியரை என் கையில குடுத்தார். கல்யாண வீட்டு மைசூர்பாகு. அதைப் பத்தி அப்பவும் பேசல, அதுக்கப்புறமும் பேசல. நான் இன்னைக்கும் அவர்கிட்டயே இருக்கறதுக்கு அந்தக் கேரியர்தான் காரணம். இதே மாதிரி ஒரு பதில் சொன்ன என் நண்பனை இன்னொரு இடத்துல மூணே வாரத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ஏர்லைன்ல பின்னாடி 180 பேர் இருந்தாலும் ஒருத்தர் முகம்கூட உங்களுக்குத் தெரியாது. இங்க முகத்துக்கு நேரா சொல்லணும். அதனால சம்பளத்தை அப்புறம் பேசுங்க. அந்த விமானத்துக்கு எத்தனை பைலட்னு முதல்ல கேளுங்க. ரெண்டே பேர்னா உங்களுக்கு லீவே கிடையாது. வீட்டுல இருப்பீங்க, காது போன்லயே இருக்கும். இதுக்கு முன்னாடி இருந்த கேப்டன் ஏன் போனார்னும் கேளுங்க. அதை முதலாளிகிட்ட கேக்காதீங்க, அந்தக் கேப்டன்கிட்டயே கேளுங்க.

வலதுசீட்டு_கோவை:

நான் எதிர்த்திசையில வந்தவ. ரெண்டு வருஷம் சார்ட்டர், அதாவது வாடகை விமானம்; இப்போ ஏர்லைன்ல ஃபர்ஸ்ட் ஆபீசர், கோ-பைலட்தான். கையால ஓட்டக் கத்துக்கிட்டது அங்கதான், அதை மறுக்கமாட்டேன் சார். ஆனா ஒரு தடவை விமானம் ரெண்டு மாசம் ஹேங்கர்லயே நின்னுடுச்சு. பறக்கற தகுதி போகாம இருக்க 90 நாளைக்குள்ள மூணு டேக்ஆஃப், மூணு லேண்டிங் வேணுமே, நாளை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். இப்போ ரோஸ்டர் படுத்துது, ஆனா என் வார லீவு எந்தத் தேதின்னு முன்னாடியே தெரிஞ்சுடும். சேரன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட முடியுது.

உங்க ஏ320 ரேட்டிங், அதான் அந்த விமானத்தை ஓட்டற தகுதி, என்ன ஆகும்னும் யோசிங்க. விட்டுட்டா திரும்ப சிமுலேட்டர், செக், சீனியாரிட்டி பட்டியல்ல கடைசி இடம்.

சும்மா_பாக்கறவன்:

ஏர்லைன் என்ன சாஸ்வதமா? 2012ல கிங்ஃபிஷர், 2019ல ஜெட், 2023ல கோ ஃபர்ஸ்ட். என்ன, ஏர்லைன் மூடினா டிவியில சொல்வான். முதலாளி ஜெட்டை வித்தா வாட்ஸ்அப்ல ஒரு வரி வரும்.

மூணுமணி_ரிப்போர்ட்டிங்:

ரொம்ப நன்றி. நேத்தே கேட்டேன். "மூணு பைலட்"னு சொன்னாங்க. விசாரிச்சா மூணாவது ஆள் தேவைப்பட்டா மட்டும் வர்ற ஃப்ரீலான்ஸ். இந்த ஜெட்டுக்கு ரேட்டிங் வாங்கற செலவுக்கு, மூணு வருஷம் விலகமாட்டேன்னு பாண்டும் உண்டாம், அதை முதல்ல சொல்லவே இல்ல. பழைய கேப்டன் நம்பர் கிடைச்சிருக்கு, இன்னும் பேசல. அடுத்த ஆஃப்ல நேர்ல போய் விமானத்தைப் பாக்கலாம்னு இருக்கேன்.

பேகம்பேட்டைக்காரன்:

போங்க. பெயின்ட்டையும் லெதர் சீட்டையும் பாத்து மயங்காதீங்க, விமானத்தோட கோளாறெல்லாம் எழுதி வெக்கற டெக் லாக் புக்கைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்க. வருஷக்கணக்கா ஒரு குறைகூட எழுதாம பக்கமெல்லாம் பளிச்சுன்னு இருந்தா, அந்த இன்ஜினியரை வெளியில கூட்டிட்டுப் போய் ஒரு இரானி சாயா வாங்கிக் குடுங்க. ஒரு சாயா போதாது, ரெண்டாவதுக்குத்தான் வாயைத் திறப்பார்.